தாள் திருப்பிய சத்தம்

"நீங்க எதையாவது பார்த்துப் படிக்கிறீங்களா?"

"இல்லை மேடம்."

நாற்பது நிமிடத் தொலைபேசி நேர்காணலில் நான் பேசியதில் இன்றும் மனதை விட்டுப் போகாதது இந்த இரண்டு சொல்தான். வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த இடம் உறுத்துகிறது.

மேசைமேல் ஏழு தாள்கள் பரப்பியிருந்தேன். பயோடேட்டா, அவர்கள் கேட்டிருந்த ஒவ்வொரு திறனுக்கும் எதிரே நான் செய்த வேலை ஒன்று, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் சொல்ல ஒன்றரை நிமிடப் பதில், கடைசியில் நான் கேட்க மூன்று கேள்விகள். இதில் தப்பென்ன? போனில் நம் தலையசைப்பு அவர்களுக்குத் தெரியாது. நாம் சொன்னது பிடித்ததா என்று அவர்கள் முகத்தைப் பார்த்து அறியவும் வழியில்லை. அந்த நஷ்டத்துக்குக் கிடைக்கிற ஒரே சலுகை, குறிப்பு வைத்துக்கொள்வது. சரி, அப்படியென்றால் "ஆமாம், குறிப்பு இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாமே?

சொல்ல முடியாததற்குக் காரணம், அதற்குச் சற்று முன் அவர் கேட்டிருந்த கேள்வி. முன்பு பார்த்த வேலையில் செய்த தவறு ஒன்றைச் சொல்லச் சொன்னார். மற்றதெல்லாம் துண்டுக் குறிப்புகள். இதை மட்டும் வரி வரியாக எழுதி வைத்திருந்தேன். பழைய விலைப்பட்டியலை 11 வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்ட கதை. "உடனே மேலாளரிடம்" என்பதோடு பக்கம் முடிந்தது. "தெரிவித்தேன்" அடுத்த பக்கத்தில். ஒரு கையில் போன், மறு கையால் திருப்பினேன். சரக்கென்று ஒரு சத்தம்.

நான் மறுத்ததும் அவர் பேசவில்லை. மூன்று விநாடி இருக்கலாம். போனில் அது ரொம்ப நீளம், லைன் போய்விட்டதோ என்று தோன்றும். அந்த மௌனம் தாங்காமல் உளறினேன்: "மேடம், உடனே சொல்லவில்லை. மறுநாள்தான் சொன்னேன். பயம்."

எழுதி வைத்திருந்ததே பொய். அதைப் படிக்கவில்லை என்றது இரண்டாவது பொய். எழுதாமல் வந்தது மட்டும் உண்மை. வேலை எதற்குக் கிடைத்தது என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை.

கொஞ்ச நாள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும், அதற்கு மேலான கீச்சு ஒலிகள் வெட்டுப்படும். 'ஸ'வும் 'ஃப'வும் குழம்புவது அதனால்தான். தாள் சத்தமும் பாதி அமுங்கிப் போயிருக்கும், அவர் சும்மா கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நானே போனில் ஆள் எடுக்கிறேன். சத்தமே தேவையில்லை என்று புரிகிறது. பேசுகிறவர் யோசிக்கிற இடத்தில் நிற்பார். படிக்கிறவர் வரி முடிகிற இடத்தில் நிற்பார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் காதுக்குத் தப்பாது.

போன மாதம் ஒருவர் அப்படித்தான் நின்று நின்று போனார். அதே கேள்வியைக் கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது.

"ஆமாம் சார். பதட்டம், அதான் எழுதி வெச்சிருக்கேன்."

அடுத்த சுற்றுக்கு அவர் பெயரை எழுதினேன். அன்று அவருக்கு முன்னால் பேசிய பெண் அவரைவிட நன்றாகப் பேசியிருந்தார். பட்டியலில் ஓர் இடம்தான் பாக்கி இருந்தது.