பழைய டூல் பெட்டி: எடுக்கலாமா வேண்டாமா?

ஓய்வுபெற்ற டர்னர் (லேத் மெஷினில் உலோகம் கடைபவர்) ஒருவர் தன் டூல்களை மொத்தமாகக் கொடுக்கிறார் என்று தெரிந்து போய்ப் பார்த்தேன். பிரித்துக் கொடுக்க மாட்டாராம். "எடுத்தா எல்லாத்தையும் எடுத்துக்கோங்க தம்பி" என்று முடித்துவிட்டார். லேத்தில் இப்போதுதான் கை பழகுகிறவனுக்கு இவ்வளவும் தேவையா என்று நிறைய யோசித்து, கடைசியில் எடுத்துவிட்டேன். மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

பாதி எனக்கு ஆகாது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. பெரிய டிரில்களின் கூம்புப் பிடி எல்லாம் மோர்ஸ் டேப்பர் என்கிற அளவுமுறையில் 3. என் லேத்தில் டிரில்லைப் பிடிக்கும் டெயில்ஸ்டாக் 2. மரை வெட்டும் டேப்களில் கணிசமானவை 55 டிகிரி விட்வொர்த், அதாவது பழைய பிரிட்டிஷ் அங்குல மரை. எண்ட்மில் கட்டர்கள் சாணை பிடித்துப் பிடித்து விட்டம் குறைந்தவை, என்னிடம் மில்லிங் மெஷினும் இல்லை. அதனால் இவற்றுக்கு மதிப்பே போடவில்லை. அளவுக் கருவிகள் தேறினால் எடுப்பது, இல்லாவிட்டால் விடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அதிலும் திருகை முறுக்கித் தடிமன் அளக்கும் 0–25 மி.மீ. மைக்ரோமீட்டரோடுதான் நெடுநேரம் உட்கார்ந்தேன். ஜீரோ கச்சிதமாக நின்றது. அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஸ்லீவைக் (கோடுகள் உள்ள உள்குழாய்) கொஞ்சம் திருப்பினால் யாரும் ஜீரோவைச் சரிசெய்துவிடலாம். தேய்மானம் இருப்பது பொருளைத் தொடும் முகத்தின் நடுவிலும் திருகிலும். நடுவில் குழி விழுந்திருந்தால் ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுள்ள கட்டை) அதன்மேல் பாலம் போல உட்கார்ந்து சரியான அளவையே காட்டும். பேரிங் பால் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். முதலில் நடுவில் வைத்து, அப்புறம் ஓரங்களில் வைத்து, ஒவ்வொரு முறையும் ராட்செட்டை (அழுத்தம் ஒரே அளவாக இருக்க உதவும் பின்முனைக் குமிழ்) ஒரே மாதிரி திருகிப் பார்க்க வேண்டும். நடுவில் அளவு குறைந்தால் குழி இருக்கிறது என்று அர்த்தம். இதில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமே இல்லை.

திருகுக்கு, நண்பரின் டூல்ரூமில் இரவல் வாங்கிய ஸ்லிப் கேஜ்கள்: 5.1, 7.7, 10.3, 12.9. ஏன் இந்த முழுசாக இல்லாத அளவுகள்? திருகு ஒரு சுற்றுக்கு நகர்வது (பிட்ச்) 0.5 மி.மீ. என்பதால் 5, 10, 15 என்று பார்த்தால் திம்பிள் (கையால் சுற்றும் உருளை) எப்போதும் ஜீரோ கோட்டிலேயே வந்து நிற்கும். சுற்றுக்கு நடுவில் இருக்கும் பிழை மாட்டவே மாட்டாது. நான்கிலும் சரியாகக் காட்டியது. அங்கேயே முடிவாகிவிட்டது.

நுண்ணிய நகர்வை முள்ளில் காட்டும் டயல் கேஜின் பிளஞ்சர் (உள்ளே வெளியே ஓடும் தண்டு) மட்டும் திரும்பி வரும்போது சிக்கியது. யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள், தூசி சேர்ந்து பிசினாகிவிட்டது. ஸ்பிரிட்டால் துடைத்ததும் ஓடுகிறது. டயல் கேஜின் தண்டில் தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள்.

முத்திரை அழிந்த டூல் பிட்கள் (லேத்தில் உலோகம் வெட்டும் முனைகள்) ஒரு டப்பா நிறைய. கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பார்த்துப் பிரிக்கிறேன்: மங்கலான சிவப்புப் பொறி என்றால் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்), வெளுப்பாகப் பூப்பூவாகச் சிதறினால் கார்பன் ஸ்டீல். கார்பன் ஸ்டீல் தனி டப்பாவுக்குப் போகிறது. தீட்டும்போது நீலம் பாய்ந்தால் அதன் கடினம் போய்விடும்.

மோர்ஸ் 3 டிரில்களை யாரிடமாவது கொடுத்து 2 வாங்க வேண்டும். பெட்டிக்குள் இழுப்பறைகளுக்கு ஃபெல்ட் போட ஆசை. அதற்கு முன் டேப் பிரிக்கும் வேலையே பாதியில் கிடக்கிறது. எம்6, எம்8 (6, 8 மி.மீ. மெட்ரிக் மரை) முழு செட் தேறிவிட்டது. எம்10-இல் செட்டில் இரண்டாவதாக இறக்கும் செகண்ட் டேப்பை மட்டும் இன்னும் தேடுகிறேன்.