கமலாபுரத்திலிருந்து ஷம்ஷாபாத்: மடியில் ஒரு பயணி

தலைப்பிரசவத்துக்குச் சேலத்துக்கு வந்தவள் நான். பயலுக்கு ஐந்து மாதம் முடிந்ததும் ஹைதராபாத் திரும்ப வேண்டியிருந்தது. வந்து கூட்டிப்போக வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. சபரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள்தான் செகந்திராபாத். ராத்திரி முழுக்கக் கைக்குழந்தையோடு பெர்த்தில் தனியாக என்று நினைத்ததுமே இடுப்பு வலித்தது. "ஃப்ளைட்ல போயிடறேன்" என்றேன். அம்மாயி விடவில்லை. "பச்சைப் புள்ளையை வானத்துல தூக்கிட்டுப் போறியா? காது என்னத்துக்கு ஆகும்?"

நியாயமான கேள்விதான். அதற்கு விடை ஏற்காட்டு ரோட்டில் கிடைத்தது. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு சேர்வராயன் கோயிலுக்குப் போயிருந்தோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பயல் நன்றாகத் தூங்கினான். இறங்கும்போது பாதி வழியில் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீறிட்டான். வண்டியை ஓரங்கட்டச் சொல்லிப் பால் கொடுத்தேன். நாலு மிடறு உள்ளே போனதும் அடங்கிவிட்டான்.

குழந்தை டாக்டரிடம் இதைச் சொன்னேன். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, குறுகலாக, கிட்டத்தட்ட படுத்தவாக்கில் இருக்குமாம். மேலே போகும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, குழாய் ஒட்டிக்கொள்ளும். எதையாவது விழுங்கினால் திறக்கும். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி மலைமேல் இருக்கிற அளவுக்குக் கீழே குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். ஏற்காடு சுமார் 5,000 அடி. "ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உசரமான மலைன்னு வச்சுக்கோங்க. சளி இருந்தா மட்டும் என்கிட்ட காட்டிட்டுப் போங்க" என்றார். அம்மாயிக்கு மலைக்கணக்கு சட்டென்று புரிந்தது. இருந்தாலும் பயல் கையில் வசம்பு வளையல் ஒன்று கூடுதலாக ஏறியது.

விமானத்தில் குழந்தையின் வயதைக் காட்ட ஒரு சான்று வேண்டும். நான் எடுத்துக்கொண்டது பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் பதிந்தபோது பெயர் வைக்கவில்லையென்றால் சான்றிதழில் பெயர் இல்லாமல்தான் வரும். பிறந்த ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். டிக்கெட்டில் போடும் பெயரும் அதில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் கவுண்டரில் பேச்சே இருக்காது. அதனால் முதலில் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் டிக்கெட் போட்டேன்.

பெட்டி கட்டியது அம்மா. குளிப்பாட்டும் சாமான்களோடு சாம்பிராணி, கற்பூரம், தீப்பெட்டி என்று ஒரு சுருக்குப்பை. கற்பூரமும் தீப்பெட்டியும் கையில் கொண்டுபோகும் பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது என்று எடுத்து வைத்தேன். "கற்பூரங்கூடவா குண்டு?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் மேடுகள், பெரியார் பல்கலைக்கழகம், பிறகு ஓமலூர், கமலாபுரம். 1993இல் திறந்த சேலம் விமான நிலையம் இங்கேதான். இடையில் பல வருஷம் விமானமே வராமல் கிடந்து, 2023 அக்டோபரில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற உதான் திட்டத்தில் மறுபடி உயிர் வந்தது. சின்ன இடம் என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் ஒரு முறை கைக்குழந்தையோடு வந்து பார்க்கட்டும். வாசலில் இறங்கினால் நாலு எட்டில் கவுண்டர், இன்னும் நாலு எட்டில் சோதனை.

டிக்கெட் இல்லாத யாரும் உள்ளே வர முடியாது. அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்றார். நிஜமான சிரமம் அங்கேதான் ஆரம்பம். ஒரு கையில் குழந்தை, தோளில் பை, மற்றக் கையால் போன், ஆதார், சான்றிதழ். வானத்தில் இருக்கிற நேரம் ஒன்றுமே இல்லை, தரையில்தான் நமக்கு நாலு கை வேண்டும். குழந்தையைச் சுமக்கிற கேரியரைக் கழற்றி ஸ்கேனரில் போடச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் பெண் காவலர் கருவியை நீட்டினால் பயல் உடம்பெல்லாம் கீச் கீச். காலில் தண்டை, இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி. அவன் கருவியை எட்டிப் பிடிக்கப் பார்க்க, அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் இப்படித்தாங்க, ஒரு கடையே இடுப்புல இருக்கும்." பிளாஸ்க்கைத் திறந்து காட்டச் சொன்னார், வெந்நீர்தான் என்று பார்த்துவிட்டு அனுப்பினார். டயப்பரை அங்கேயே மாற்றிவிட்டேன், ஏடிஆர் என்கிற சின்னக் காற்றாடி விமானத்துக் கழிவறையில் ஒரு ஆள் திரும்புவதே பெரிய காரியம்.

ஏறும் வழி வால் பக்கம், சில படிகள்தான். அதனால் கடைசி வரிசைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தேன். காற்றாடிகள் முன்பக்கம் சுற்றுவதால் பின்னால் இரைச்சலும் குறைவு. குழந்தைக்கென்று ஒரு சின்ன பெல்ட் தந்தார்கள், அது நம் பெல்ட்டில் கோத்துக்கொள்ளும். நம் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையைச் சேர்த்துக் கட்டக் கூடாது, குலுங்கினால் நம் பாரம் முழுக்க அதன்மேல் விழும் என்று பணிப்பெண் சொன்னார்.

இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலை எதுவும் மறைக்கவில்லை. வலப்பக்கம் சேர்வராயன் மலை முழுசாக எழுந்து நின்றது. பயல் பார்த்ததெல்லாம் முன்சீட்டுக்காரரின் வழுக்கையைத்தான்.

ஏறும்போது பால் கொடுக்கவில்லை. ஏற்காட்டுப் பாடம், வயிற்றில் இடம் மிச்சம் வைத்திருந்தேன். இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே இன்ஜின் சத்தம் மாறியது. அப்போதே மடியில் கிடத்தி, துப்பட்டாவைப் போர்த்திக் கொடுக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த அக்கா தானாகவே நடுவழிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நடுவில் அவனுக்குக் கண் சொக்கியது, உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பினேன். சக்கரம் தரையைத் தொடும்வரை விழுங்கிக்கொண்டேதான் இருந்தான். அழுகையே இல்லை.

ஹைதராபாத் விமான நிலையம் இருக்கிற ஷம்ஷாபாதில் நடக்கவே ஒரு தனி டிக்கெட் போடலாம், அவ்வளவு தூரம். பெல்ட்டில் வந்த பெட்டியை ஒரு தெலுங்குக்கார அம்மா, நான் கேட்காமலேயே இறக்கி டிராலியில் வைத்தார். வீட்டுக்காரர் வெளியே காத்திருந்தார். டாக்ஸியில் ஏறியதும் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "சீட்டே கிடையாது, இவனுக்கும் காசு வாங்கியிருக்காங்களே?" என்றார். மடியில் வந்தாலும் கைக்குழந்தைக்கு ஒரு கட்டணம் உண்டு, இரண்டு வயது நிரம்பிவிட்டால் தனி சீட்டே வாங்கியாக வேண்டும். அதற்குள் ஒரு மாம்பழ சீசனுக்காவது சேலம் போய்வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.