கடைப் பெயர் எழுத்து: அக்ரிலிக்கா, சன் போர்டா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

போர்டு போட வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "இன்ச் என்ன ரேட்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று. ஏசி போட்ட ரிசப்ஷன் சுவர் என்றால் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கூடப் போதும், லேசர் கரித்த ஓரத்தைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அதையே வாசலில் மாட்டினால் ஒரு ஐப்பசி மழை போதும், ஓரமெல்லாம் உப்பிவிடும்.

சன் போர்டு மலிவு, எடையே இல்லை, ஆனால் அது பிவிசி பிளாஸ்டிக் நுரை. லேசரில் கொடுத்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும், வெட்டுகிறவர் நெஞ்சுக்கும் கெடுதல், மெஷின் ரெயிலும் துருப்பிடிக்கும். சுழலும் பிட்டால் வெட்டுகிற ரவுட்டர் மெஷினில்தான் வெட்ட வேண்டும். கையில் இருப்பது என்ன ஷீட் என்று சந்தேகமா? செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஷீட்டில் ஒரு தொடு தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, லேசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

வெளியில் மாட்ட என் ஓட்டு அக்ரிலிக்குக்குத்தான். அதிலும் அச்சில் ஊற்றிச் செய்த காஸ்ட் ஷீட். மெஷினில் பிதுக்கி எடுக்கிற எக்ஸ்ட்ரூடட் ஷீட் விலை குறைவு, ஆனால் லேசர் பட்ட ஓரத்தில் ஒட்டுவதற்குக் குளோரோஃபார்ம் தடவினால் முடி போல விரிசல் ஓடும், பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் அது அசிங்கமாகத் தெரியும். உள்ளே எல்இடி வைப்பதாக இருந்தால் பால் வெள்ளை ஷீட் வாங்குங்கள், கண்ணாடி மாதிரி இருப்பதை வாங்கினால் வெளிச்சத்துக்குப் பதில் பல்புதான் தெரியும். அப்புறம், அக்ரிலிக் வெயிலில் நீளும்: 30 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மீட்டரில் சுமார் 2 மில்லிமீட்டர். அதனால் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, ஸ்க்ரூவை இறுக்கி முறுக்காமல் விட வேண்டும்.

தமிழில் எழுதுவதென்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்டோர்ஸ்' என்று போட 6 துண்டு போதும். நம் எழுத்தில் மூன்று புள்ளியும் தனி, டோவுக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் தனி, ஆக 9 துண்டு. அந்தப் புள்ளிகளை டபுள் டேப்பில் ஒட்டிவிட்டுப் போவார்கள், சித்திரை வெயிலில் பசை இளகி முதலில் விழுவதும் அதுதான். புள்ளிக்கும் பின்னால் ஒரு ஸ்டட் (சுவர்த் துளையில் இறங்கும் கம்பி) கேளுங்கள். எழுத்துருவும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், மெல்லிய சுழி எல்லாம் தூரத்திலிருந்து தெரியாது, கை பட்டால் ஒடியும்.

எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றி ஒரு விஷயம். அதை ஃபைபர் லேசரில் வெட்டுவார்கள், அக்ரிலிக் வெட்டுகிற கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷின் சின்னதாக இருந்தால் அதில் போகாது. காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 304 கிரேடு என்பார்கள், நம்பாதீர்கள், மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது அது, கடல் காற்றில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி போடும். எஸ்எஸ் பார்க்கிற திரவம் ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியைத் தொட வைத்தால் 202 சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் கடை என்றால் 304-ம் கறை பிடிக்கும், 316 கேட்க வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு அக்ரிலிக்குக்கே திரும்புகிறவர்கள்தான் அதிகம், அதில் ஒன்றும் தப்பில்லை.