"இங்கேயும் வரச் சொல்லுங்கள் தம்பி"

"அப்படியென்றால் இவரை எங்கள் ஊருக்கும் வரச் சொல்லுங்கள் தம்பி. காசைக் கொடுத்துவிட்டுச் சுடட்டும்."

காசு கட்டி யானை சுட்ட ஒரு பயணியின் கதையைக் கேட்டு, இலங்கையின் கந்தளாய்ப் பக்கத்து வயல்கார ஐயா சொன்ன இதை நான் அந்தப் பயணியிடம் சொல்லவில்லை. "யானையால் நட்டம் அதிகம் என்கிறார்" என்று சுருக்கிக்கொண்டேன். இருவர் பேச்சையும் உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழிகாட்டியின் வேலை. அது தெரிந்தேதான் மறைத்தேன்.

அந்தப் பயணியை வெறுக்க முடியவில்லை. காலையில் திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைக் கண்டு அப்படி மகிழ்ந்தார். நமீபியாவில் தாம் சுட்ட யானையின் படத்தை ஐயாவிடம் காட்டியபோதும் பெருமையடிக்கவில்லை. கிழட்டு ஆண் யானை, அனுமதி பெற்ற வேட்டை, பணமும் இறைச்சியும் ஊருக்கு என்றார். அங்கே 1996 முதல் ஊர்ச் சமூகங்கள் தம் நிலத்துக் காட்டுவிலங்குகளால் வருமானம் பெறச் சட்டம் இடம் தருகிறது. அவர் சொன்னது பொய்யல்ல. ஐயா படத்தைப் பார்த்ததைவிடப் பயணியின் முகத்தைப் பார்த்ததே அதிகம். "ஊர்ச் சனத்துக்கு எவ்வளவு போனது?" என்று கேட்டார். தாம் கட்டிய தொகை பயணிக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குப் போனது தெரியவில்லை.

என் தரப்பில் நியாயம் இருக்கிறது. இந்தத் தீவில் வெள்ளைக்காரர் ஆட்சிக்கால இராணுவ அதிகாரி மேஜர் ரோஜர்ஸ் மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பயிரைக் காப்பதாகச் சொல்லித்தான் கொன்ற யானைக்கு அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. அந்தக் கதவை மறுபடி திறக்கும் பேச்சுக்கு நான் ஏன் வாயாக இருக்க வேண்டும்? கிழட்டு யானை வீண் என்பதும் தவறு. தென்னாபிரிக்காவின் பிலானஸ்பேர்க்கில் மூத்த ஆண்கள் இல்லாமல் வளர்ந்த இளம் யானைகள் காண்டாமிருகங்களைக் கொன்று திரிந்தன. 1998இல் மூத்த ஆண்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது.

இன்னொன்றும் உண்டு. தந்தத்துக்காக வருபவன் கொம்பனைத்தான் தேடுவான். இங்கே ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை. ஐயாவின் வேளாண்மையை மிதிப்பது பெரும்பாலும் தந்தமில்லாத யானை. சுடப்படுவது ஒன்று, வயலில் இறங்குவது வேறொன்று.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வயலில் நான் சொல்லவில்லையே. மனிதரோடு வாதாடாமல் அவர் பேச்சை அல்லவா வெட்டினேன்? இரவெல்லாம் யானையை விரட்டும் வெடியோடு பரணில் விழித்திருப்பவர் அவர். நான் நிலாவெளி ஹோட்டலுக்குத் திரும்பிவிடுகிறவன். வேட்டை இல்லாத இந்த நாட்டில் 2022இலும் 2023இலும் ஆண்டுக்கு 400க்கும் அதிகமான யானைகள் செத்தன: துப்பாக்கியால், கள்ள மின்கம்பியால், தீனிக்குள் மறைத்து வைத்து வாயைச் சிதைக்கும் ஹக்கபட்டாஸ் வெடியால், ரயில் மோதி. அந்தச் சாவுகளால் யாருக்கும் ஒரு சதம் கிடைக்கவில்லை. ஐயா கேட்டது இரத்தத்தை அல்ல, கணக்கை.

ஆனாலும் உயிரோடிருக்கும் ஒரு யானையின் சாவை முன்கூட்டியே விலைக்கு விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த முறை ஐயாவின் பேச்சை முழுவதுமாகச் சொல்லி, என் மறுப்பையும் சேர்த்துச் சொல்ல நினைக்கிறேன். ஊர்ச்சனம் தாமே வயலைச் சுற்றிப் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவைக்கும் மின்வேலியைப் பற்றியும் சொல்வேன். அதற்கு யார் காசு தருவார் என்றுதான் அவர் முதலில் கேட்பார். அன்று காசோடு அவர் வரப்பில் நின்றவர் அந்தப் பயணி ஒருவர்தான்.