ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் மேப் வந்தபோது

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை முதல் முறை எழுதியபோது, ரைட்டிங்கில் எனக்கு 5.5 மதிப்பெண்தான். மேப் கேள்வியில் விழுந்தேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, ஏனென்றால் கோச்சிங்கில் "மேப்பெல்லாம் எப்பவாவதுதான் வரும், சார்ட்டும் கிராஃபும் பாருங்க போதும்" என்று சொல்லியே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டார்கள். கும்பகோணத்தில் விடியற்காலை பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் உட்கார்ந்தால், டாஸ்க் 1, அதாவது படத்தைப் பார்த்து விவரிக்கும் முதல் கேள்வி, ஒரு ஊரின் இரண்டு மேப், அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று.

ஒரு நம்பர்கூட இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கட்டடம் கட்டடமாக எழுதிக்கொண்டே போனேன். ரோட்டை ஏன் அகலப்படுத்தினார்கள், மரங்களை ஏன் வெட்டினார்கள் என்று காரணம் வேறு. யாரும் அதைக் கேட்கவில்லை, படத்தில் இருப்பதை மட்டும்தான் எழுத வேண்டும். அப்புறம் இது நம் பக்கத்து ஆட்களுக்கென்றே உள்ள ஆபத்து: நமக்கு மேலத்தெரு என்றால் மேற்கு, கீழத்தெரு என்றால் கிழக்கு. பதற்றத்தில் தமிழிலேயே யோசித்து, மேப்பில் மேலே, அதாவது வடக்கே, இருந்த பள்ளிக்கூடத்தை மேற்கு என்று எழுதிவிட்டேன். முதலில் அந்த வடக்கு அம்புக்குறியைப் பாருங்கள்! 20 நிமிடத்தில் 150 வார்த்தை எழுத வேண்டிய இடத்தில் 35 நிமிடம் போய்விட்டது. இரண்டு மடங்கு மதிப்புள்ள டாஸ்க் 2, அதாவது கட்டுரை, பாதியில் நின்றது.

அடுத்த முறை கோச்சிங் போகவில்லை. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு என்று எங்கள் ஊரையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகினேன். அப்பாவைக் கேட்டு எங்கள் தெருவை அன்றும் இன்றுமாக இரண்டு படம் வரைந்தேன். வயல் மனைகளாக மாற்றப்பட்டிருக்கிறது, வாய்க்காலின் குறுக்கே பாலம் கட்டப்பட்டிருக்கிறது, பிள்ளையார் கோயில் அப்படியே இருக்கிறது. மாறாததையும் சொல்ல வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த 'பட்டிருக்கிறது'தான் பாஸிவ், மேப்புக்கு அது இல்லாமல் ஆகாது. இரண்டு மேப்புமே பழைய வருடங்கள் என்றால் இறந்தகாலம், இரண்டாவது இன்றைய நிலை என்றால் பிரசன்ட் பர்ஃபெக்ட். மொத்தத்தில் ஊர் எப்படி மாறியது என்ற ஓவர்வியூவை இரண்டு வரியில் முதலிலேயே எழுதிவிடுங்கள், நான் அதைக் கடைசிக்கு வைத்துத்தான் நேரமில்லாமல் விட்டேன்.

இரண்டாம் முறையும் மேப்தான் வந்தது, ஒரு பூங்கா. கை நடுங்கவில்லை. 18 நிமிடத்தில் முடித்தேன், டாஸ்க் 2 எழுதித் திருப்பிப் படிக்கவும் நேரம் இருந்தது. ரைட்டிங் 7.