மாமரத்தடிப் பௌதிகவியல்

போன வருடம் என் வேலையிடத்தில் கணினி முறை முழுவதையும் மாற்றினார்கள். அதற்கு முன்னேற்பாடாக, மாற்றத்தை மலர்ந்த முகத்தோடு வரவேற்பது எப்படி என்று எங்களுக்கு அரை நாள் வகுப்பு. வந்த பெண்மணி நன்றாகவே பேசினார். ஆனால் முறைப்பாட்டை நிறுத்துவதுதான் முதல் படி என்று அவர் சொன்னபோது, எனக்கு எங்கள் பௌதிகவியல் சேரின் ஞாபகம் வந்துவிட்டது. புறுபுறுக்காமல் அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி என்று அரசாங்கத்தின் தடைப்பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வில் திரி கோத்து எரித்த விளக்கில்தான் என் வயதுக்காரர் படித்தோம். காலையில் முகம் கழுவினால் மூக்குக்குள் கரி. கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள்; பின்னால் சைக்கிளில் போகிறவர் பாடு திண்டாட்டம். இரவில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பேசும். மிதிக்கிறவர் களைத்தால் பிபிசி தமிழோசையும் களைத்துப்போகும். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் என் வேலை.

அப்புறம் 1995 ஒக்ரோபர் 30. இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் அடங்கிய வலிகாமத்துச் சனம் மழைக்குள் கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவைப் பற்றி என்னைவிட நன்றாகப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய கதை.

தென்மராட்சியில், சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இடம் தந்தது. காலையில் அவர்கள், பிற்பகலில் நாங்கள். வகுப்பறை போதாததால் உயர்தர வகுப்புக்கு மாமரத்தடி. ஆய்வுகூடமும் அதன் அலுமாரிகளும் யாழ்ப்பாணத்தில். முதல் நாள் சேர் வந்து நாலு பக்கமும் பார்த்தார். நாடு, போர், வெயில், தன் செருப்பு என்று ஒன்றையும் விடாமல் திட்டித் தீர்த்தார். பிறகு, "சரி, இஞ்ச என்ன கிடக்குது?" என்று கேட்டார்.

நூல் கிடந்தது. கல் கிடந்தது. தலைக்கு மேலே மாங்கொப்பு. ஒருவனின் கையில் செக்கன் முள்ளுள்ள மணிக்கூடு. அடிமட்டத்தை வைத்து வைத்து ஒரு மீற்றர் அளந்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். எளிய ஊசல் தயார். "இருபது அலைவுக்கு நாற்பது செக்கன் வரவேணும், எண்ணுங்கோ பிள்ளையள்" என்றார். காற்று விடவில்லை, கல் அலையாமல் வட்டம் போட்டது. எண்ணிக்கொண்டிருந்தவளுக்குப் பாதியில் சிரிப்பு வந்து கணக்குத் தவறியது. சேர் காற்றையும் திட்டினார். கடைசியில் ஈர்ப்பு ஆர்முடுகல் ஒன்பதரைக்குக் கிட்ட வந்தது. வரவேண்டியது 9.8. "பரவாயில்லை, பூமியாவது எங்களைக் கைவிடேல்லை" என்று கொப்பியில் எழுதச் சொன்னார். ஆர்முடுகலைத்தான், அந்த வசனத்தை அல்ல. என்றாலும் சிலர் அதையும் எழுதிக்கொண்டோம்.

இதைச் சொல்லும்போது ஒரு பயம் உண்டு. "எங்கட சனம் எதையும் தாங்கும்" என்று சங்கக் கூட்டங்களில் மார்தட்டுவார்களே, அந்தப் பேச்சு எனக்கு ஒத்துவராது. மண்ணெண்ணெயில் கார் ஓடியது கெட்டித்தனம்தான். அதற்காகப் பெற்றோலை மறித்தது நியாயமாகிவிடாது. மருந்து வராமல் செத்தவருக்கு எந்த நல்ல மனப்பாங்கும் கைகொடுக்கவில்லை. சேர் அப்படித் திட்டியது அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. நடந்தது சரி என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வாய் திட்டிக்கொண்டிருந்தபோது கை நூலைத் தேடிக்கொண்டிருந்தது.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு இந்த வித்தியாசத்தை நிறையப் பார்த்தேன். ஊரில் வகித்த பதவியையே பேசிப் பேசிச் சோர்ந்தவர்கள் இருந்தார்கள். குளிரையும் பஸ்ஸையும் வைதுகொண்டே இரவு வேலை முடிந்து ஆங்கில வகுப்புக்குப் போனவர்களும் இருந்தார்கள். இரண்டாவது வகையினர் முதலில் நிமிர்ந்தார்கள். பனியை ரசித்தவர் எவரையும் நான் சந்திக்கவில்லை, புதிதாக வந்து இறங்கிய முதல் கிழமைக்காரரைத் தவிர.

2020இல் கொரோனா வந்து எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனம் நின்றபோது, பொதுக்கூட்டத்தை ஸூமில் வைக்கலாம் என்றதும் மூத்த அங்கத்தவர்கள் போட்ட சத்தம் நினைவிருக்கும். அவர்களேதான் ஊரிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் வகுப்புத் தோழர்களைத் தேடிப் பிடித்து அதற்குள் இழுத்துவந்தார்கள். ஒலியை நிறுத்தத் தெரியாமல் பலர் வீட்டுக் குக்கர் விசில்களையும் சேர்த்துக் கேட்டோம். மண்டபம் எடுத்த காலத்தில் அவ்வளவு பேர் வந்ததில்லை.

சங்கத்தின் இந்த மலரும் அடுத்த ஆண்டு முதல் அச்சில் வராது, மின்னிதழாக மட்டும் வரும் என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. எனக்குச் சம்மதமில்லை, கூட்டத்தில் சொல்லியும்விட்டேன். பழைய படங்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறேன். 1995, 96 பிற்பகல் வகுப்புக் காலத்துப் படம் எதுவும் இதுவரை என் கைக்கு வரவில்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த பிரதி போதும். வெளிச்சம் படாமல், நேராகப் பிடித்து எடுங்கள்.