நடுப்பலகைப் பெட்டி ஒழுகினால்: எண்ணூர் – பழவேற்காடு பாய்ப்படகு வேலை

எண்ணூரிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு போகிற சின்னப் பாய்ப்படகில் முதலில் கெடுவது பாயோ பாய்மரமோ இல்லை. படகு காற்றில் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடு அடியில் தண்ணீருக்குள் இறக்குகிற பலகைதான் நடுப்பலகை. அது ஏறி இறங்குகிற பெட்டிதான் கெடும். எங்கள் 16 அடி பைபர் படகில் இந்த மார்ச் மாதம் அதைப் பிரித்துக் கட்டினோம். அதே அளவுப் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்த விவரம் உதவும்.

கழிமுகத்தை ஒட்டித் தரையெல்லாம் சிப்பி ஓடு. உள்ளே போகப் போக நிலக்கரிச் சாம்பல் கலந்த சேறு. பலகை இறங்கியிருக்கும்போது தரை தட்டினால் சேறும் ஓட்டுத் துண்டும் இடுக்கில் ஏறி இறுகிவிடும். அதற்கப்புறம் பலகையை இழுக்கிற ஒவ்வொரு முறையும் பெட்டியின் உட்சுவர் தேயும். மேலே இருக்கிற ஜெல்கோட், அதாவது வழவழப்பான மேல்பூச்சு, அரை மில்லிமீட்டர்தான். அது போனதும் தண்ணீர் கண்ணாடி இழை வழியே உள்ளே ஊற ஆரம்பிக்கும். வெளியே கொப்புளம் தெரிந்தால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பான நீர் வரும், காடி வாடை அடிக்கும். அப்படியானால் மேல்பூச்சு பூசித் தப்பிக்க முடியாது.

எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று தெரிய ஸ்பூன் காம்பால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும், ஊறிய இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும். சத்தம் மாறுகிற ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்துகொண்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். வெளிறிப்போன இழை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். கண்ணாடித் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அடுத்தது காயவைப்பது. முழு வேலையில் முக்கியமானது இதுதான், பலரும் அவசரப்படுவதும் இதில்தான். உப்பு உள்ளே இருக்கும்வரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் தினமும் நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் காற்றோட்டமாக விட வேண்டும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். ஓர் அடிச் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு பகல் முழுக்க வெயில் படவிடுங்கள். சாயங்காலம் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மறுபடி கழுவுங்கள், மறுபடி காயவிடுங்கள். வாரக்கணக்கில் இழுத்தாலும் பரவாயில்லை. ஈரத்தின் மேல் போட்ட ரெசின் (கண்ணாடி இழையைப் பிடித்து இறுகுகிற பிசின்) அடுத்த மழைக்காலத்துக்குள் தகடாக உரிந்து வரும்.

பெட்டியைச் சுற்றி எங்கள் படகின் கனம் 6 மி.மீ. ஓட்டையின் ஓரத்தைக் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அதாவது சுற்றிலும் 72 மி.மீ., ஏறக்குறைய மூன்று அங்குலம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு (மேட்) ஓர் அடுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். ஆக ஆறு அடுக்கு. பெரிய துண்டை முதலில் ஒட்டி, போகப் போகச் சின்னதாக வையுங்கள். அப்போதுதான் சரிவு முழுவதையும் ஒரே துண்டு பிடித்திருக்கும், கடைசியில் தேய்க்கும்போது அது அறுபடாது.

ஒரு சதுர மீட்டர் மேட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ரெசின் போகும். ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் மார்ச் வெயிலில் கிலோவுக்கு 10 மி.லி. போதும், டிசம்பரில் 15 வரை போகலாம். பத்துக்குக் கீழே குறைத்தால் ரெசின் முழுசாக இறுகாது. ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். மூன்று அடுக்கு போட்டதும் நிறுத்தி, சூடு தணிந்தபின் மிச்சத்தைப் போடுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் உள்சூட்டில் வெடிப்பு விடும். இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் கேட்டலிஸ்ட். கடையிலேயே கோபால்ட் கலந்து கொடுத்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

முன்பு யாராவது எபாக்சி பசை அப்பியிருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். எபாக்சி மேல் நாம் போடுகிற பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது.

பலகை ஆடுகிற போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம். துத்தநாகம் பூசியது கழிமுகத் தண்ணீரில் சீக்கிரம் துருவாகிவிடும். ஸ்டெயின்லெஸ் என்று வாங்கினாலும் 304 தரம் வாஷருக்கு அடியில் காற்றுப் படாத இடத்தில் குழி விழுந்து அரித்துப்போகும். 316தான் வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் தலையில் 316 என்றோ A4 என்றோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போட்டு, வருடத்துக்கு ஒரு தரம் கழற்றிப் பாருங்கள்.

இந்த வேலையை ஏப்ரல் 15க்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளெல்லாம் பழுதுபார்க்க நிற்கும். பைபர் வேலைக்காரர்கள் ஜூன் 14 வரை நமக்குக் கிடைக்க மாட்டார்கள்.

தண்ணீரில் இறக்கியபின் பெட்டியைக் காப்பாற்றுவது ஓட்டுகிறவர் கையில். வடக்கே போகும்போது மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று பக்கவாட்டிலோ பின்னாலோ கிடைக்கும். அப்போது பலகை கால்வாசி இறங்கியிருந்தால் போதும். திரும்பும்போதுதான் எதிர்காற்று. கால்வாய் அகலத்தில் பாயை மாற்றி மாற்றித் திருப்ப இடம் இருக்காது. பாயைச் சுருட்டிவிட்டுக் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளுவதே மேல். பாலங்களுக்காக எப்படியும் பாய்மரத்தைச் சாய்க்கத்தான் வேண்டும். பழவேற்காடு ஏரியிலும் பெரும்பகுதி ஒரு மீட்டர் ஆழம்தான். அதனால் பலகைக் கயிற்றைக் கொக்கியில் இறுக்கிக் கட்டாமல், தரை தட்டினால் தானாக நழுவுகிற மாதிரி ஒரு சுற்று மட்டும் சுற்றிவிடுங்கள். கரையேறியதும் பலகையை முழுசாகத் தூக்கி, இடுக்கில் மேலிருந்து இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கீழே வருகிற தண்ணீர் தெளியும்வரை ஊற்ற வேண்டும்.